ஆறாவது 'ஏன்'

உலகில் எத்தனையோ மாநாடுகள் நடந்திருக்கின்றன. ஆனால் சென்ற ஞாயிறு, ஓசூர் பாகலூர் சாலைக் கல்யாண மண்டபத்தில் நடந்த 'ஓய்வூதிய நிதியின் ஒளிமயமான எதிர்காலம்: ஓய்வு பெற்றோர் அறிய வேண்டியவை' என்ற கூட்டத்துக்கு ஈடாக ஒன்றைச் சரித்திரம் காட்டட்டும் பார்க்கலாம். நான் அதன் செயலாளர் என்பதால் இதைச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

வாசலிலேயே ஒரு சிறு இடையூறு. கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்த சென்னகிருஷ்ணனும் அவர் மனைவி வீரலட்சுமியும் என்னை மறித்துக்கொண்டார்கள். நான் நிர்வாகப் பிரிவில் இருந்த அதே உதிரிபாகத் தொழிற்சாலையில் காலமெல்லாம் லேத் மெஷின் ஓட்டியவர் சென்னகிருஷ்ணன்.

"சார், பொங்கலுக்கு அப்பறம் இவருக்குப் பென்ஷனே வர்ல. சக்கரை ஊசிகூட கடனுக்கு வாங்கிகினு இருக்கோம். கொஞ்சம் கேட்டு சொல்லுங்க சார்" என்றார் வீரலட்சுமி.

"அம்மா, இன்னிக்கு எதிர்காலத்தப் பத்தித்தான் பேச்சு. நிகழ்காலம் அஜெண்டாவுல இல்ல" என்று பொறுமையாக விளக்கி, காற்றாடிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்தேன். கருணை இல்லாமல் செயலாளராக இருக்க முடியாது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த 'நிதி நிபுணர்' குருமூர்த்தி திரையில் ஒரு பச்சைக் கோட்டைக் காட்டினார். அது மேலே போய்க்கொண்டே இருந்தது.

"நம்ம ஓய்வூதிய நிதி, இதுவரைக்கும் இல்லாத ஆரோக்கியத்தோட இருக்கு!"

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிற்சாலைகளில் எது நடந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூல காரணம். ஆறாவது கேட்கக் கூடாது. கேட்டால் அது மேனேஜர் அறைவரை போய்விடும். ஓய்வு பெற்றாலும் இந்த ஒழுக்கம் ரத்தத்தில் ஊறிப்போனது. சென்னகிருஷ்ணன் கையைத் தூக்கினார்.

"ஏன் சார் ஆரோக்கியமா இருக்குது?"

"செலவு குறைஞ்சிருக்கு."

"எந்துக்கு?" என்று தெலுங்கில் 'ஏன்' கேட்டது நடுவரிசை.

"நிறைய பேருக்குப் பென்ஷன் போகல."

"யாக்கே?" என்று கன்னடத்தில் கேட்டது பின்வரிசை. தேசிய ஒருமைப்பாட்டை நேரில் கண்டு எனக்குக் கண் கலங்கியது.

"உயிரோட இருக்கோம்னு அவங்க வருஷா வருஷம் பதிவு பண்ணணும். பண்ணல."

"ஏன் பண்ணல?"

"பண்ணிப் பார்த்தாங்க. செல்போன் ஆப் அவங்க முகத்த ஏத்துக்கல."

ஐந்தாவது 'ஏன்' சென்னகிருஷ்ணனுடையது. "அது ஏன் ஏத்துக்கல சார்?"

"வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்த போட்டோவோட முகம் ஒத்துப்போகல. வயசாயிடுச்சு இல்லையா?"

மண்டபமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. மூல காரணம் கிடைத்துவிட்டது! மெஷின்மேல் தப்பில்லை.

"மெட்டீரியல்லதான் டிபெக்ட்டு" என்று சென்னகிருஷ்ணன் தன் கன்னத்தைத் தடவி ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். என்ன நேர்மை! பழுது எங்கே என்று தேடினால் அதைத் தன்னிடமே கண்டுபிடிக்கும் இப்படிப்பட்ட ஊழியர்களை உருவாக்க எங்கள் நிர்வாகம் எவ்வளவு பாடுபட்டிருக்கும்!

அப்போதுதான் தொழிற்சாலைப் பயிற்சி எதுவும் பெறாத வீரலட்சுமி எழுந்தார்.

"ஏன் சார், இவரு உங்க எதுக்கதானே உக்காந்துகினு இருக்காரு? மூச்சு வுடறது தெரில? உசுரோட இருக்காருன்னு நீங்களே ஏன் எழுதித் தரக்கூடாது?"

மண்டபம் அதிர்ந்தது. ஆறாவது 'ஏன்'! "ஒக்காரும்மே, அஞ்சு முடிஞ்சிடுச்சு" என்று கணவரே அவர் புடவையைப் பிடித்து இழுத்தார்.

குருமூர்த்தி மட்டும் நிதானம் இழக்கவில்லை. "எனக்கு நல்லாத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

நிலைமையைக் காப்பாற்ற நான் உடனே மைக்கைப் பிடித்து நன்றியுரையைத் தொடங்கினேன். "நம் நிதி இதே ஆரோக்கியத்தோடு நூறாண்டு வாழ, ஓய்வூதியர்கள் தங்களால் ஆன ஒத்துழைப்பை..."

"தந்துகினுதான் இருக்கோம் சார்" என்றார் வீரலட்சுமி, இன்னும் நின்றபடியே. "ரெண்டு வேள போட்ற ஊசிய இவரு ஒருவேளையாக்கிட்டாரு. நேத்து கழனியில மயங்கி வுழுந்துட்டாரு."

சென்னகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பார்த்தீங்களா, செலவைக் குறைக்கிறதுன்னா இதுதான்! எல்லாரும் கத்துக்கணும்" என்றார் குருமூர்த்தி, முகம் மலர.

மண்டபமே கைதட்டியது. முதலில் தட்டியவன் நான். எனக்குப் பென்ஷன் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது.