பாவம் போச்சு, தண்ணித்தொட்டி எங்கே?

"நிலவில் உங்கள் முகம் உண்டா? சந்தேகம் இருந்தால் மாடிக்கு வாருங்கள்!"

மூடிக்கிடந்த ஒரு மருந்துக்கடையின் வாசலில் இப்படி ஒரு பலகை தொங்கியது. கடை ஏன் மூடியது என்று கேட்காதீர்கள். மாடியில் எல்லா நோய்க்கும் நிலா கிடைக்கும்போது கீழே மாத்திரை எவனுக்கு வேண்டும்?

பொழுது சாய்ந்தால் போதும், படிக்கட்டு முழுக்கக் கூட்டம். வேலை கிடைக்காதவன், கல்யாணம் தள்ளிப்போனவள், மாமியாரை அடக்க வழி தேடும் மருமகள், அந்த மருமகளை அடக்க வழி தேடும் மாமியார், எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

மேலே நிலாச்சாமி. வெள்ளை அங்கி, சாந்தமான சிரிப்பு. முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு சாதாரண கேமரா, அதில் சுரைக்காய் நீளத்துக்கு ஒரு டெலி லென்ஸ். கல்யாண வீட்டில் நீங்கள் பார்த்த அதே சரக்குதான். இவர் கைக்கு வந்ததும் 'சந்திர நேத்திரம்' ஆகிவிட்டது.

முறை இதுதான். முக்காலியின் காலைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூட வேண்டும். சாமி நிலாவைப் படம் எடுப்பார். சாமியின் மச்சினன் அதை அங்கேயே அச்சடித்து நீட்டுவான். முதல் படத்தில் நிலா வெறும் வெள்ளை வட்டம். "பாத்தியா, உன் முகத்தைப் பாவம் மூடிடுச்சு!" என்பார் சாமி. அப்புறம் காணிக்கை. கிண்ணத்துத் தண்ணீரில் விழுந்த நிலாவை மடக்கென்று குடிக்க வேண்டும். மறுபடி காணிக்கை. அது போதுமான அளவு கனத்ததும் எடுக்கிற படத்தில் மேடு, பள்ளம், கறை எல்லாம் பளிச்சென்று தெரியும். "முகம் தெளிஞ்சிடுச்சு!" கறையை உற்றுப் பார்த்தால் யாருக்குத்தான் ஒரு முகம் தெரியாது? ஜனம் உருகிப்போகும்.

எங்கள் தெருத் தையல்காரரும் அந்த வரிசையில் நின்றார். மெஷின் மிதித்தே பிழைத்த மனுஷன். சர்க்கரை வியாதி, பெருவிரலில் புண், விரல் கறுத்துவிட்டது. "உடனே விரலை எடுக்கணும், தள்ளிப்போட்டா காலே போயிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் கத்தியைக் காட்டினார், சாமி நிலாவைக் காட்டினார். எது வலிக்காது என்று பார்த்து மனுஷன் மாடி ஏறிவிட்டார். "முகம் தெளியட்டும், புண்ணு தானா ஆறும். அதுவரைக்கும் கத்தி படக்கூடாது" என்பது சாமியின் உத்தரவு. ஆனால் முகம் தெளிந்தபாடில்லை. காணிக்கை மெலிவு போலிருக்கிறது.

அன்றைக்கு அவருடைய மனைவியோடு மச்சினியும் கூட வந்திருந்தாள். பஸ் கண்டக்டர். காலாவதியான பாஸைக் கையில் வாங்காமலே கண்டுபிடிக்கிறவள்.

"அக்கா, மாமாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வாயை மூடுடி. சாமி காதுல விழுந்துடப் போகுது."

வாயை மூடினாள். கண்ணை மூடவில்லை. சாமிக்கு நன்றி சொல்ல வந்து பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், தனக்கு முகம் தெளிந்த கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெஞ்செரிச்சல் போயே போச்சும்மா!"

"மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?"

"அதுவும் சாப்பிட்டேன்."

அவருடைய படங்கள் இரண்டையும் வாங்கி அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே சாயங்காலம் எடுத்ததுதானே?"

"ஆமா, ஒரே இடம், ஒரே முக்காலி."

"வெள்ளை நிலாப் படத்துல எதிர்மாடித் தண்ணித்தொட்டி தெரியுது. தெளிஞ்ச படத்துல தொட்டியையே காணோம், ஒரே இருட்டு. பாவம் போச்சு, சரி. தண்ணித்தொட்டி எங்க போச்சு?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். தொட்டி இல்லை.

அவள் சாமியின் முகத்தை விட்டுவிட்டு கையைக் கவனித்தாள். அடுத்த பக்தைக்கு 'முகம் தெளிகிற' நேரத்தில், சாமியின் விரல் கேமரா மேலிருந்த சக்கரத்தை நைசாக உருட்டியது. வெளிச்சத்தை எவ்வளவு நேரம் உள்ளே விடலாம் என்று சொல்கிற சக்கரம் அது. நிறைய நேரம் விட்டால் தொட்டி தெரியும், நிலா வெளுத்துவிடும். கண்ணிமைப்பதற்குள் மூடினால் தொட்டி மறையும், நிலா தெளியும். பாவ புண்ணியக் கணக்கு மொத்தமும் இவ்வளவுதான்!

தையல்காரர் முறை வந்தது. வழக்கம்போல் வெள்ளை வட்டம். கண்டக்டர், தன் அக்காவின் பையில் கைவிட்டு, மாமாவின் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற பிளாஸ்திரியை எடுத்தாள். சக்கரம் உருளாதபடி அதன்மேல் அழுத்தி ஒட்டினாள்.

"ஏய், என்ன பண்றே! சந்திர கதிர் தடைபடும்!"

"கண்ணாடியிலயா ஒட்டினேன்? கதிர் சக்கரத்து வழியாவா உள்ள போகுது? இப்ப இந்தக் குமாஸ்தா ஐயாவுக்கு எடுங்க. இவருக்குத்தான் நேத்தே தெளிஞ்சிடுச்சே!"

சாமி மழுப்பினார். "எடுங்க சாமி, எடுங்க!" என்று கூட்டமே கத்தியது. வேறு வழியில்லை, எடுத்தார். வெள்ளை வட்டம். பின்னால் தண்ணீர்த்தொட்டி ஜம்மென்று நின்றது.

"ஐயோ, என் பாவம் திரும்பி வந்துடுச்சா?" என்று குமாஸ்தா அலறினார்.

கண்டக்டர் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். சாமி கழற்றி விட்டிருந்த செருப்பு ஒன்றை எடுத்து முக்காலியின் காலில் சாய்த்தாள். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நாலைந்து படம் எடுத்தாள். கடைசிப் படம் கேமராத் திரையில் வந்தது. மேடு, பள்ளம், கறை, அத்தனையும் பளிச்!

"எல்லாரும் பாருங்க. செருப்புக்கு முகம் தெளிஞ்சிடுச்சு. காணிக்கையும் கிடையாது, கிண்ணத்துத் தண்ணியும் கிடையாது."

 மாடி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அதற்குப் பின்னால் ஆத்திரம். மச்சினன் அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்க்க, சாமியின் அங்கியை நாலு கைகள் பிடித்துக்கொண்டன.

தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இப்பப் போனா டாக்டர் இருப்பாரா?" என்றார். அக்கா வாய்விட்டு அழுதாள்.

இருந்தார். கால் பிழைத்தது. முதலிலேயே போயிருந்தால் ஒரு விரலோடு முடிந்திருக்கும். நிலாவுக்குக் காத்திருந்ததில் பக்கத்து விரலும் போனது. சாமி வாங்கிய காணிக்கையில் பெரிய காணிக்கை அதுதான்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? மாமாவைத் தாங்கிக்கொண்டு கண்டக்டர் படியிறங்கும்போது, ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "செருப்புக்கே தெளிய வச்சிட்டியே தாயி, என் பையனுக்கும் ஒரு படம் எடுத்துக் குடேன்!"

கேமராவின் சக்கரத்தைத் திருப்ப ஒரு கண்டக்டர் வந்தாள். உங்கள் தலைக்குள் இருக்கும் சக்கரத்தைத் திருப்ப யாரும் வரமாட்டார்கள். துருப்பிடிப்பதற்குள் நீங்களே திருப்புங்கள்!