முள்ளம்பன்றி சொன்ன அறுபத்தைந்து

ஒரு காட்டில், கோடை முற்றிய ஒரு காலையில், பஞ்சர் கடை முன் கூடியிருந்தோர் வருமாறு: காட்டின் தலைவர் யானை பெருங்கையார்; அவருடைய எழுத்தர் நரி கோப்பழகன்; டிராக்டர் ஓட்டும் காட்டெருமை திண்ணப்பன்; கடைக்காரக் குரங்கு வாலப்பன்; எங்கும் கருத்துச் சொல்வதற்கென்றே வரும் முயல் செவ்விழி; இவர்கள் அனைவரிடமிருந்தும் பத்தடி தள்ளி உட்காருமாறு பணிக்கப்பட்ட முள்ளம்பன்றி கூர்மதி.

வறண்டு கிடந்த வடகரைக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் இரு டயர்களும் தேய்ந்து நூல் தெரிந்துவிட்டன. அன்றே மாற்றியாக வேண்டும். கூர்மதி வந்ததோ வேறு காரியமாக. முள்ளுடையோர் தார்ச்சாலையில் நடக்கலாகாது என்று அக்காட்டில் ஒரு சட்டம் இருந்தது. அதனால் எதிரே தெரியும் கிழங்குக் காட்டுக்கு அவள் மலையைச் சுற்றி இரண்டு நாள் நடந்தாள். விலக்குக் கோரி மூன்று படிகளில் எழுதிய அவளுடைய மனு நரியின் கக்கத்தில் இருந்தது. டிரெய்லர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததும் கையொப்பமிடுவதாகத் தலைவர் வாக்களித்திருந்தார். வாயைத் திறவாதிருந்தால் மாலைக்குள் சாலை அவளுடையது. எத்தனையோ கற்றவள், அந்த ஒன்றை மட்டும் கற்கவில்லை.

வாலப்பன் இருவகை டயர்களை உருட்டி வந்தான். ஒன்று காருக்கானது, பளபளப்பானது. மற்றது டிரெய்லருக்கானது, தடித்தது, அழகற்றது. செவ்விழி பளபளப்பின் பக்கம் பேசினான். எவ்வளவு பாரம் தாங்கும் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறதென்றும், கார் டயர் அந்தத் தொட்டியில் பாதியைக்கூடத் தாங்காதென்றும் கூர்மதி இருந்த இடத்திலிருந்தே படித்துச் சொன்னாள். யாரும் செவிமடுக்கவில்லை. ஆயினும் பெருங்கையார் இரண்டையும் தும்பிக்கையால் தூக்கிப் பார்த்து, கனமாயிருப்பதே கௌரவமானது என்று தீர்ப்பளித்தார். இவ்வாறு சரியான டயர் தவறான காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆட்சியில் நிகழும் நன்மைகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

டயர்கள் பூட்டப்பட்டன. காற்று எவ்வளவு வைப்பது என்று வாலப்பன் கேட்டான். மெத்தைபோல் இருக்க இருபது போதும் என்றான் முயல். தனக்கு முதுகுவலி, குலுக்கல் ஆகாது, இருபத்தைந்து என்றான் திண்ணப்பன். நரி கோப்பைப் புரட்டி, தலைவரின் ஜீப்புக்கு முப்பது வைத்ததாகப் பதிவு உள்ளதென்றும், முன்னுதாரணம் இருக்கையில் சிந்திப்பது ஒழுங்கீனம் என்றும் விளக்கினான்.

"அறுபத்தைந்து," என்றாள் கூர்மதி. "முழுப் பாரத்துக்கு அறுபத்தைந்து என்று டயரிலேயே இருக்கிறது. ஓடிச் சூடாவதற்கு முன்னால் அளந்து வைக்க வேண்டும். முப்பதில் ஓடினால் நசுங்கி நசுங்கிச் சூடேறி வெடித்துவிடும்."

"டயர் செஞ்சவனுக்கு நம்ம காட்டைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றான் நரி. "முதுகு பூரா முள்ளை வச்சுக்கிட்டு நீ டயருக்குப் பரிஞ்சு பேசறது, பாலுக்குப் பூனை காவல் இருக்கிற கதையால்ல இருக்கு."

சொல்லிக்கொண்டே மனுவை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினான். அதன் பொருள் கூர்மதிக்குத் தெளிவாகவே விளங்கியது. விளங்கிய பின்னும் இன்னொரு முறை அறுபத்தைந்து என்றாள்.

தனக்கெதற்கு வம்பு என்று வாலப்பன் முப்பது அடித்தான்.

ஒன்றரைக் கல் தொலைவில் வெடித்தது. தொட்டி சாய்ந்து பாதித் தண்ணீர் பள்ளத்தில் ஓட, மனுவே போடாத தவளைகளுக்கு ஒரு குளம் கிடைத்தது. டிரெய்லரைக் கடைக்கு இழுத்து வந்து, அங்கேயே விசாரணையைத் தொடங்கினார்கள். டயரில் தும்பிக்கை நுழையுமளவுக்குக் கிழிசல் இருந்தது. முள் எங்கே என்று தலைவர் கேட்டார்.

"அதாங்கய்யா சாட்சியே," என்றான் நரி. "முள்ளு இருந்தா ரோட்டுல கிடந்ததுன்னு சொல்லலாம். இல்லைன்னா, குத்தினவங்களே எடுத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

பெருங்கையார் காதுகளை ஆட்டி ஆமோதித்தார். புறப்படும்போது சரக்கென்று ஓர் ஒலி கேட்டதாக முயலுக்கு நினைவு வந்தது. தான் கடையைவிட்டு நகரவேயில்லை என்றாள் கூர்மதி. கடையில் ஒளிந்திருந்தாள் என்று நரி பதிந்துகொண்டான்.

இதற்கிடையே வாலப்பன் வேறொரு டிரெய்லர் டயரைப் பூட்டினான். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி, குனிந்து அதன் பக்கத்தில் இருந்ததைப் படித்தான். இரண்டிலும் அறுபத்தைந்து அடித்தான். தொட்டியை மீண்டும் நிரப்பியபோது டயர்கள் நசுங்கவேயில்லை.

"அனுபவம்னா இதுய்யா," என்றார் பெருங்கையார். வாலப்பனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்குவதென ஒருமனதாக முடிவாயிற்று. கூர்மதியின் மனு மூன்று படிகளிலும் நிராகரிக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிடுமாறு நரி தாளை நீட்டினான்.

கூர்மதி எழுந்தாள். அவளுடைய முட்கள் அனைத்தும் ஒருசேர விரிந்தன. தாளைத் தொடாமல் கடையைவிட்டு வெளியேறி, தார்ச்சாலையின் நடுவெள்ளைக் கோட்டில் ஏறி, கிழங்குக் காட்டை நோக்கி நிதானமாக நடந்தாள். புது டயர்களை அவளருகே கொண்டுசெல்ல ஒருவருக்கும் துணிவில்லாமையால், டிரெய்லரும் தலைவரின் ஜீப்பும் ஹாரன்கூட அடிக்காமல் அவள் பின்னே ஊர்ந்தன.

நீதி: அறிவு மனு எழுதும்; வழியை முள்தான் வாங்கித் தரும்.