பொட்டு அறைக்குப் போட்ட காவல்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மகள் வீட்டில் நீயும் மாமாவும் சௌக்கியம்தானே? மாமாவின் முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்கிறதா? இங்கே நானும், நாலு கால் உள்ளவர்களில் பெரும்பாலோரும் சுகம்.

பொட்டுக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து, இன்று தையலும் பிரித்தாகிவிட்டது. குட்டி ஜம்மென்று இருக்கிறாள். "ஒரு செடிக்கு ஒழுங்கா தண்ணி ஊத்தத் தெரியாது, நீயாடா பூனையைப் பாத்துக்கப்போறே?" என்று வாசலில் நின்று கேட்டாயே, அதே வாயால் என்னைப் பாராட்டிவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும். அதோடு, "இதுக்கப்புறமும் மேஸ்திரி அவளைச் சேத்துக்கலைன்னா யாருக்காவது கொடுத்துடலாம்" என்றும் சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா. இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வருகிற ஒரே ஜீவன் அவள்தான். உன் செல்லக் கடுவன் மேஸ்திரிக்கு அவளைக் கண்டாலே ஆகாது என்பதற்காக அவளை அனுப்புவதா?

டாக்டரம்மா கூடையைக் கொடுக்கும்போதே, "சார், தாவக் கூடாது, தையலை நக்கக் கூடாது. மத்த பூனைங்களைக் கிட்ட சேக்காதீங்க, ஆஸ்பத்திரி வாடைக்குச் சீறிப் பாயும்" என்றார். யாரிடம் சொல்கிறார்? காலமெல்லாம் கிடங்கு காத்தவனிடம்! உன் படுக்கையறையை அவளுக்கு ஒதுக்கி, கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தி, மெத்தையைத் தரையில் போட்டு, ஜன்னலை அடைத்து, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கிழப்பூனை பெரியம்மா வந்து கதவைப் பிறாண்டினாள். "பார்வையாளருக்கு அனுமதி இல்லை, போங்கம்மா" என்றேன், போய்விட்டாள். நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைப் பொட்டு அரை நாளில் கழற்றி அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். விடுவேனா? என் பழைய யூனிஃபார்ம் சட்டைக் கையை வெட்டி, நாலு ஓட்டை போட்டு மாட்டிவிட்டேன். அந்தக் கையில் தைத்திருந்த பட்டை இப்போது அவள் முதுகில். பார்த்தால் எனக்கே சல்யூட் அடிக்கத் தோன்றுகிறது.

பசியைக் கேள்! வயிறு கிழிபட்டவள் சாப்பிடுகிற சாப்பாடா அது? வைத்துவிட்டுக் கொஞ்சம் கழித்து எட்டிப் பார்த்தால் கிண்ணம் பளபளன்னு இருக்கு. அவ வெளிக்குப் போற மண்தட்டை அள்ளி அள்ளி என் இடுப்பு விட்டுப்போச்சு. மத்தியானத்துல ஒரு குறட்டை விடுறா பாரு, கதவுக்கு வெளியில கேக்குது. இத்துனூண்டு உடம்புக்குள்ள அவ்வளவு பெரிய மோட்டார்! எல்லாம் என் கவனிப்பு.

இன்று டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, "அருமையா ஆறியிருக்கே! ஆனா இவ்வளவு சாப்பிட்டும் எடை ஏறலையே. காதெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு, நீங்களா துடைச்சீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். "ஆமா, நான்தான்" என்றேன்.

இனி ஒரு சின்ன விஷயம். ஆபரேஷன் அன்றிலிருந்து மேஸ்திரியைக் காணவில்லை. பதறாதே. என் கண்டிப்பு தாங்காமல் கோபித்துக்கொண்டு போயிருப்பான். கொல்லைப்புறம் வைக்கிற சாப்பாடு வைத்தபடியே இருக்கிறது. தெருத்தெருவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் என் தொண்டை கட்டிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்தத் தடியன் இல்லாமல் எனக்கும் மனசே சரியில்லை. ஆனாலும் ஒன்று, அவனே போய்விட்ட பிறகு பொட்டை அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? யோசித்துச் சொல்லு.

மாமாவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசியும், கன்னத்துக்கு ஒரு கிள்ளும்.

இப்படிக்கு,
ஒரு ஈயைக்கூட உள்ளே விடாத
உன் தம்பி

பி.கு.: இதைப் போட உறை தேடி, பொட்டு இருக்கிற அறையில் உன் அலமாரியைத் திறந்தேன். அதன் கதவு சரியாக மூடாது என்று முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். அடித்தட்டில், உன் நல்ல புடவைகளின் மேல், மேஸ்திரி! முதல் நாள் நான் தண்ணீர்க் கிண்ணம் எடுக்கப் போன நேரத்தில் நுழைந்திருக்கிறான். நானும் அறைக் கதவைப் பூட்டி, இத்தனை நாளாக இரண்டு பேருக்கும் சேர்த்துக் காவல் இருந்திருக்கிறேன். தின்று தின்று பூசணிக்காயாட்டம் ஆகிவிட்டான். அவன் வயிற்றின் மேல் பொட்டு யூனிஃபார்மோடு தூங்குகிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அவள் காதை நக்கிக்கொண்டிருக்கிறான், அந்தக் குறட்டையோடு. பிரிக்கலாமென்று கையை நீட்டினேன், என்னைப் பார்த்துச் சீறினான். அவளை யாருக்காவது கொடுப்பதானால், அக்கா, நீயே வந்து அவனிடம் கேட்டுக்கொள்.