இல்லாத மிஷினுக்கு ராசி நம்பர்

கிள்ளான்,
3 மே, சனிக்கிழமை

செந்தூல் மச்சான் ஜெயராஜ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் கமலநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு லோகேஸ்வரி, நிரஞ்சனி, நான் மூவரும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் முட்டியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று உங்கள் மருமகள் நிரஞ்சனியின் வேலையில் மண்ணைப் போடப் பார்த்தேன். நீங்கள் வேறு வாயால் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பெட்டாலிங் ஜெயா ஆபீசில் அவள் இன்னும் கான்ட்ராக்ட்தான். அங்கே அறை நிறைய நிற்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கப்போகிறார்களாம். அதைப்போலவே நடிக்கும் ஒரு சாஃப்ட்வேரை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். பழைய புரோகிராம் இதிலும் ஓடுவதை மேனேஜருக்குக் காட்டினால் வேலை நிரந்தரம். சொந்தக் கம்ப்யூட்டரை ஆபீசுக்குள் விடமாட்டார்களாம், அதனால் வீடியோ காலில் நான் திரையைக் காட்டி, அவள் சொல்வதை அடிக்கவேண்டும். மூன்றாம் பாரப் படிப்போடு நின்று மேரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவனுக்கு இது பெரிய பதவி லா.

பத்து மணிக்குக் கூப்பிட்டாள். ஒரு ப்ரோசசர் போதாது, இரண்டாக்குங்கப்பா என்றாள். 'ஸ்டாப்ஆல்' அடித்தேன், எல்லாம் நின்றது. 'நம்சிபியு 2' அடித்தேன், ரெண்டாயிருச்சு மச்சான். கடைக்குப் போகல, ஒரு ஸ்குரூ கழட்டல, இல்லாத மிஷினுக்கு இன்னொரு மூளை! மேனேஜர் வரட்டும், சும்மா இருங்கப்பா என்றாள். கை சும்மா இருக்குமா? அவள் ஒட்டி வைத்த தாளில் 'சிபியுசீரியல்' என்று இருந்தது, அடித்தேன். 630503 என்று வந்தது. இல்லாத மிஷினுக்கு நம்பர் எதற்கு, எந்த போலீஸ் நிறுத்திப் பார்க்கப்போகிறான்? கார் நம்பர் எடுக்கும்போது நம்மாளுங்க கூட்டிப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் கூட்டினேன். பதினேழு, அதாவது எட்டு. நல்ல காரியத்துக்கு எட்டா? கடைசி மூன்றை நான்காக்கினேன், ஒன்பது வந்தது. மேனேஜர் வந்து உட்கார்ந்ததும் சாமியைக் கும்பிட்டு 'ஸ்டார்ட்ஆல்' அடித்தேன்.

இந்த மிஷினுக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டுப் புரோகிராம் படுத்துக்கொண்டது. அவள் போட்டிருந்த பழைய நம்பருக்குத்தான் சோதனை லைசென்ஸ் வாங்கியிருக்கிறாளாம். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்ப்பது போனில் எனக்கே தெரிந்தது.

"அப்பா, என்ன தொட்டீங்க?"

"ஒண்ணும் தொடலம்மா."

"அப்பா."

"எட்டு வந்துச்சும்மா. ஒன்பதாக்கினேன்."

மேனேஜர் சந்திரகலா நம்மாளுதான். "பரவால்ல அங்கிள், என் கார் நம்பரும் ஒன்பதுதான்" என்றார். பழைய நம்பரைத் திரும்பப் போட்டேன். இரண்டு மூளையும் சேர்ந்து ஓடிய ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே! திங்கட்கிழமை நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்தாம்.

இருந்தாலும் மச்சான், அந்த நம்பரை எங்கே பிடித்தாளோ தெரியவில்லை. எட்டு நமக்கு ஆகாது. எட்டு என்று வந்த எதையும் நான் இன்றுவரை வீட்டுக்குள் விட்டதில்லை.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முட்டிக்குத் தைலம் அடுத்த வாரம் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கமலநாதன்

பி.கு: லோகேஸ்வரி கடிதத்தைப் படித்துவிட்டாள். அந்த 630503 அவள் ஐசி அடையாள அட்டையின் முதல் ஆறு எண்ணாம், அதாவது அவள் பிறந்த தேதி. அறுபத்து மூன்று, ஐந்தாம் மாதம், மூன்றாம் தேதி. கடிதத்தின் மேலே இன்றைய தேதியை நானேதான் எழுதியிருக்கிறேன். "அப்ப முப்பத்தோரு வருசமா எட்டோடதான் குடும்பம் நடத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. இதை வாட்சாப்பில் படமெடுத்து அனுப்புகிறேன். தைலம் இருக்கட்டும், நீங்கள் இன்றைக்கே கேக்கோடு வாருங்கள். அண்ணன் நானும் மறந்துவிட்டேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு விழுவதில் பாதி குறையும்.