பத்து நிமிஷத்தில் ரங்கூன்

வாயைத் திறந்து கெட்ட ஆண்பிள்ளை யாராவது உண்டா என்றால், சாந்தோமில் என் வீட்டைக் கை காட்டுவார்கள்.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குத் தன் அம்மாவோடு போய்ப் பத்து நாள் தங்க வேண்டும் என்று என் மனைவி ஐரின் ஜூன் மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாள் எனக்கு யார் பொங்கிப் போடுவது? "பார்க்கலாம்" என்றே சொல்லி வந்தேன். பார்க்கலாம் என்றால் கிடையாது என்று கல்யாணமானவர்களுக்கெல்லாம் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், ரங்கூன் கப்பலில் வந்திறங்கிய சிநேகிதன் சுப்புராயன், ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்தேன். சீனாக்காரன் சேமியா! நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடந்தது.

அவ்வளவுதான், சாய்வு நாற்காலியில் கண் சொருகிவிட்டது. ரங்கூனில் இரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். சாயங்காலமானால் மூங்கில் துண்டைத் தட்டிக்கொண்டு சேமியா விற்கிற சீனாக்காரன் வருவான். இருப்புச் சட்டியில் கோசும் காரட்டும் துள்ளும். ஆற்றுக்காற்று, ஆவி, வாசனை... தெருவே மெதுவாக மிதக்கும். ஆஹா!

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

"ஐரின், இன்னிக்கு நான்தான் சமையல். பத்தே நிமிஷம்! நாள் பூரா அடுப்படியிலே கிடக்கிறியே, இதெல்லாம் ஒரு வேலையா?"

"உங்களாலே முடியுமா?"

"முடியுமாவா? இடது கையாலே செய்வேன்."

"ஐயோ பாவம், சுட்டுக்கப் போறீங்க."

அந்த "ஐயோ பாவம்"தான் என்னைக் கிளப்பிவிட்டது. காய்களை நறுக்கினேன். கொல்லையில் கரி அடுப்பை மூட்டினேன். வேலிக்கு அப்பால் மீன்கூடையோடு போன குப்பம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, கையில புழு கீது? தூண்டிலுக்கா?"

"சாப்பாட்டுக்கு" என்றாள் ஐரின்.

"மாதாவே!" என்று குப்பம்மா நடையைக் கட்டினாள்.

சேமியாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நூறு எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். எண்ணினேன். முப்பது வரை ஞாபகம் இருக்கிறது. ஆவி முகத்தில் பட்டது. ஆவிக்குள்ளே ரங்கூன் ஆறு ஓடியது. தூரத்தில் மூங்கில் சத்தம். படகுகளில் ஒவ்வொன்றாக விளக்கேற்றினார்கள்...

"ஏங்க, நான் ஜெபமாலையே சொல்லி முடிச்சுட்டேன். நீங்க நூறு எண்ணியாச்சா?"

பானையைப் பார்த்தேன். சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம், அப்படி ஒரு பசை. காயோடு சேர்த்துக் கிளறினேன். கரண்டி பிடிக்காமலே நிமிர்ந்து நின்றது. ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். ஏன் பிறந்தோம் என்று இருந்தது.

ஐரின் ஒரு தட்டு சாப்பிட்டாள். முகம் சுளிக்காமல் இன்னொரு தட்டும் போட்டுக்கொண்டாள்.

"தேவாமிர்தம்! ரங்கூன்லேயும் இப்படித்தானா?"

"இதைவிட மட்டம்" என்றேன். மானம் போய்விடுமே!

"தினம் இப்படிச் செய்ய வருமா உங்களுக்கு?"

"கண்ணை மூடிக்கிட்டு."

"அப்பாடா! பத்து நாள் பட்டினி கிடப்பீங்களேன்னுதான் கவலைப்பட்டேன். நாளைக்குக் காலையிலே அம்மா எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்துடுவாங்க. டிரங்குப் பெட்டி கட்டியாச்சு."

அவளைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. நான் சமைத்தது பசை என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். ஐரின் ஆவலோடு என்னையே பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

மறுநாள் எழும்பூரில் பெட்டியைத் தூக்கி வைத்தவனும் நான்தான். வண்டி நகரும்போது ஐரின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அரிசிப் பானைக்குப் பின்னாலே இன்னும் பத்துப் பொட்டலம் இருக்குங்க, நாளுக்கு ஒண்ணு! ஜூன் மாசமே சுப்புராயன் அண்ணனுக்குக் கடுதாசி போட்டு வரவழைச்சேன்!"