ரத்து எந்தத் தேதியிலிருந்து?

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் நலம், நீங்கள் ஒப்படைத்துவிட்டுப் போன வீடும் செடிகளும் நலம். அங்கே மகளும் பேத்தியும் நலமென்று நம்புகிறேன். நலம் எழுத வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். அங்கேதான் பேனா நின்றுவிட்டது.

உங்கள் கிளியை வனத்துறை கொண்டுபோய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது. நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் தூங்குகிறது என்று சொன்னேனே, அது பொய்.

போன மாதக் கடைசியில், வீட்டில் கிளி வளர்க்கக் கூடாது என்கிற மாநில வனவிலங்குச் சட்டத்தைச் சட்டசபை ரத்து செய்துவிட்டதாகச் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன், அடிக்கோடும் போட்டேன். பதினோரு வருஷமாக வெயில் படாமல் பின்னறையில் கிடக்கிற ஜீவன், அத்தான் போனபிறகு உங்களோடு பேச வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே ஆள், இனிமேலாவது தெருவைப் பார்க்கட்டுமே என்று கூண்டை முன்பக்க பால்கனியில் மாட்டினேன். அன்று மாலையே வனத்துறை அலுவலர் ஒருவர் படியேறி வந்தார். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, செய்தித்தாளைக் காட்டி, கரும்பலகையில் எழுதியதை அழித்தால் அந்த நொடியே எழுத்து போய்விடுகிறதல்லவா, ரத்தும் அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்களுக்கு ரிடையர்மென்ட் ஆர்டர் எப்ப வந்துச்சு?" என்றார். ஜனவரியில் என்றேன். "வந்த அன்னிக்கே வீட்டுக்குப் போயிட்டீங்களா?" மே மாதக் கடைசி நாள் வரை பாடம் நடத்தினேன் என்றேன், பெருமையாக வேறு. "இதுவும் அப்படித்தான் சார். ஒண்ணாம் தேதியிலிருந்துதான் ரத்து அமலுக்கு வருது. அதுவரைக்கும் பழைய சட்டம் டியூட்டில இருக்கு." முப்பத்தாறு வருஷம் வகுப்பெடுத்ததில் எனக்கு இவ்வளவு கச்சிதமான உதாரணம் ஒன்றுகூட வாய்த்ததில்லை. கூண்டை நானே கழற்றிக் கொடுத்தேன்.

ஒண்ணாம் தேதி காலையில் அவர் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். சட்டம் போய்விட்டது, கிளியைக் கொடுங்கள் என்றேன். ரத்துக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான், போட்ட வழக்கு நடந்தே தீரும் என்றார். பாடத்திட்டம் மாறினாலும் போன வருஷம் தவறியவன் பழைய பாடத்தில்தானே பரீட்சை எழுதவேண்டும் என்று, இந்த முறை எனக்கு எதிராக நானே உதாரணம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பின்னறைக்குள் போக மனசு வரவில்லை, அக்கா. என்னைத் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பேத்தி நன்றாகப் படிக்கட்டும், என்னைவிடக் கவனமாக.

உங்கள் அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டியபிறகு பிரித்து இதை எழுதுகிறேன். அலுவலரே கூண்டோடு வந்துவிட்டார். மிருக டாக்டர் பார்த்ததில் நம் கிளி வெளிநாட்டு இனமாம். சட்டத்தின் பட்டியலில் இருப்பது இங்கத்திய காட்டுக் கிளிகள் மட்டும்தானாம். அந்தச் சட்டமும் இதைத் தொடவில்லை, ரத்தும் தொடவில்லை. வழக்கும் இல்லை. "இத்தனை வருஷமா இதை உள்ளயே வச்சிருக்கச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டார். சட்டம் வந்த வருஷம் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதை வரிவரியாக விளக்கியவன் யார் என்று உங்களுக்குத் தெரியும், அக்கா. அவருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.