கொழும்புக்குப் போன மணல் வாளி

சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களில் என் பொறுமையைப் பையண்ணாச்சி அளவுக்குச் சோதித்த ஆள் ஒருவரும் கிடையாது. உனக்கு ஏது பொறுமை என்பீர்கள். இருந்த கொஞ்சத்தையும் தீர்த்தவர் அவர்தான்.

திருத்தங்கல் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அவர் அங்கே போர்மேன். நான் இங்கிலீஷில் கடிதம் எழுதும் கிளார்க். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டில் மட்டும் தெரியும். வாயைத் திறந்தால் "பைய" என்பார். மெதுவாக என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். பைய நட, பைய வை, பையத் தும்மு. ஆம், தும்மலுக்கும் உத்தரவு உண்டு. மருந்து அறையில் செருப்பு கூடாது, இரும்பு கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது. சரி, வெடிமருந்து இருக்கிற இடம். இந்த மனுஷன் கல்யாணப் பந்தியிலும் பெஞ்சை இழுக்க விடமாட்டார். இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி வைக்கச் சொல்வார். அதற்குள் பாயசம் தீர்ந்துவிடும்.

தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி இலங்கைக்குக் கப்பல் ஏறிய காலம் அது. ஒரு கோடையில், கொழும்பு ஆர்டர் ஒன்றைப் பேசி முடிக்க முதலாளி எங்கள் இருவரையும் அனுப்பினார். அண்ணாச்சி எடுத்து வந்தவை: வேட்டி இரண்டு, சட்டை இரண்டு, கூஜா ஒன்று, தீப்பிடித்தால் கொட்டி அணைக்க ஒரு வாளி மணல்.

சுங்க அதிகாரி மூன்று தடவை மணலுக்குள் கையை விட்டுத் தங்கம் தேடினார். "ஏன்யா, இலங்கையில மணல் இல்லையா?"

"இருக்கும். காஞ்சிருக்குமான்னு தெரியாதுல்ல?"

நான் அவரைத் தெரியாதவன் போலக் கடலைப் பார்த்து நின்றேன்.

எனக்கு அங்கே சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. என் அக்கா நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் புராட்டஸ்டண்ட்; அவள் கட்டிக்கொண்டது கத்தோலிக்கரை. கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் நின்று, "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தவன் நான். நாலு வருஷமாக அவள் கடிதம் எதற்கும் நான் பதில் எழுதவில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் எழுதும் கிளார்க்! கடைசியில் அவளும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் உறைத்தது.

ஆர்டர் முடிந்தபோது விசாவில் இரண்டே நாள் மிச்சம். மறுநாள் சாயங்காலம் கொழும்பில் கப்பலடிக்குப் போகும் ரயிலைப் பிடித்தாக வேண்டும். அன்றைக்கே மலை ஏறி அவளைப் பார்த்தால் உண்டு, விட்டால் இல்லை. காலையிலேயே ஒரு வாடகைக் காரும் சிங்கள டிரைவரும் பிடித்தேன். "ஒத்தையில போகாதலே" என்று அண்ணாச்சி வாளியோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதலில் டிரைவரின் செருப்பைக் கழற்ற வைத்தார். அடுத்து அவர் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கிக் கூஜாத் தண்ணீரில் முக்கினார்.

"மாத்தயா, இது கார்" என்றார் டிரைவர், ஐயாவைச் சிங்களத்திலும் மற்றதைத் தெரிந்த தமிழிலும்.

"கார்தாம்லே. உள்ள நிக்கிறது பெட்ரோலு. அதும் மருந்தும் அண்ணன் தம்பி. பையப் போ."

கார்க் கதவை அறைந்து சாத்தக் கூடாதாம், அதிருமாம். பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல இரண்டு கையாலும் சாத்துவார். அது எப்படிப் பூட்டும்? வளைவுக்கு வளைவு திறந்துகொள்ளும். காரை நிறுத்தி மறுபடியும் தாலாட்டுவார். பெட்ரோல் போட்ட இடத்தில் என்னையும் இறக்கி ஒரு பர்லாங் தள்ளி நிற்க வைத்தார். ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த வேகத்துல போனா அக்காவுக்குப் பேரன் பொறந்திருவான்!"

"பொறக்கட்டும்லே. பாக்க நாம இருக்கணும்ல?"

வெயில் சாயும் நேரம். கடைசி ஏற்றம். முன்பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம். பானட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை.

"ஏலே, ஓடுலே!"

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. முன்சீட்டிலிருந்து குதித்தார். பின்கதவு, அவர் சாத்திய கதவு, தொட்டதும் திறந்தது. என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே உருவினார். எதையும் இழுக்காதே என்று ஆயுள் முழுக்கக் கத்திய மனுஷன் சரளைக்கல் ரோட்டில் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே தள்ளி, என் மேலேயே விழுந்து படுத்தார்.

டிரைவர் நடந்து வந்து எட்டிப் பார்த்தார். "மாத்தயா, ரேடியேட்டர் தண்ணி கொதிக்குது. அவ்வளவுதான்."

என் இரண்டு முழங்காலும் தோல் உரிந்து ரத்தம். "கடல் தாண்டிக் கொண்டாந்தீகளே, அந்த வாளி எங்க?" என்று கத்தினேன். வாளி காரிலேயே சௌகரியமாக இருந்தது.

அவருக்கு மூச்சு வாங்கியது. "வாளி சின்னத் தீக்குலே. பெருசா வந்தா அதத் தூக்க நேரம் கெடையாது. அன்னைக்குச் சாத்தூர்ல கம்பெனி பத்துனப்ப, வாளியத் தூக்கப் போன ரெண்டு பேரும்..."

தன் கையைப் பார்த்தார். அது இன்னும் என் காலரை விடவில்லை.

சிகரெட் முக்கிய அதே கூஜாத் தண்ணீரைக் காருக்கு ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அக்கா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். வழியெல்லாம் ஒரு பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே திரும்பினாள். திரும்பும்போது என் முழங்கால் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏலே, என்ன இது ரத்தம்? உக்காரு. கால நீட்டு."

நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. டிஞ்சர் ஊற்றினாள். நாலு வருஷத்துக்கும் சேர்த்துத் தாராளமாகவே ஊற்றினாள். நான் அலறினேன். வாசலில் வாளியோடு நின்ற அண்ணாச்சி பதறிப்போய், "பையம்மா, பைய" என்றார். அக்கா சிரித்துவிட்டாள்.

பின்னாளில் அவர் கட்டிலில், தூக்கத்தில், பையப் போய்ச் சேர்ந்தார். எங்கள் தொழிலில் அது பெரிய காரியம். இன்றைக்கும் எங்காவது புகை கண்டால் என் கை முதலில் பிடரிக்குத்தான் போகிறது, காலரை யாராவது பிடித்திருக்கிறார்களா என்று.